கேள்வி நேரம்: வடக்கன்குளத்தின் இரட்டைக் கால் கோயில்

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்கிறார்களே, ஏன்? தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது இதே கட்டடத்தில்தானா?
– வாசகர், நாங்குநேரி

இரண்டாவதற்கு முதலில் பதில்: இல்லை. மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1745-இல். இப்போதுள்ள கோயில் 1872-இல் எழுந்தது. ஊர் அதுதான், கட்டடம் வேறு.

பீடத்திலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கவட்டை போல விரிந்து போவதால்தான் அந்தப் பட்டப்பெயர். அழகுக்காகப் போட்ட வரைபடமல்ல அது. வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு காலில், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் மறு காலில். நடுவே சுவர். பூசை எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் தெரியாது. சாதாரண நீள்சதுரக் கோயிலின் நடுவில் சுவர் எழுப்பியிருந்தால் இருபுறத்தாரும் பீடத்தை ஓரக்கண்ணால்தான் பார்த்திருப்பார்கள். மண்டபங்களையே சாய்த்து வைத்ததால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கெட்டிக்காரக் கட்டுமானம்தான், காரணம்தான் வெட்கக்கேடு.

1910-இல் இயேசு சபை குரு கௌசானல் அந்தத் தடுப்பை அகற்றினார். தனி இடம் தங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றது. சுவர் போய்விட்டது, இரட்டைக் கால் மட்டும் மிச்சம். போனால் பீடத்தருகே நின்று வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள், வடிவம் உடனே பிடிபடும்.

பழைய கோயில்களில் சுவரோடு ஒட்டி ஒரு பீடம், முன்னால் இன்னொன்று. ஏன் இரண்டு?
– வாசகி, திசையன்விளை

முன்பு குரு மக்களுக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைத்தார். பின்சுவர்ப் பீடம் அந்தக் காலத்தது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு மக்களைப் பார்த்து பூசை வைக்க முன்னால் ஒரு மேசை வந்தது. பழையதை இடிக்காதீர்கள்; பல ஊர்களில் நற்கருணைப் பேழை (அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் சிறு பெட்டி) இன்னும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சுண்ணாம்புக் கோயிலுக்குச் சிமென்ட் பூசினோம். இரண்டே வருடத்தில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து உதிர்கிறது. மறுபடி பூசலாமா?
– பங்குப் பேரவை உறுப்பினர், ராதாபுரம்

சிமென்டையே மறுபடி பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். பழைய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அடைபட்ட ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகி அதைத் தள்ளுகிறது.

முதலில் வெளியே பாருங்கள். சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளம் உள்தரையைவிட உயரமாக இருந்தால் அதை வெட்டி, மழைநீர் விலகி ஓட வழி செய்யுங்கள். பிறகு சிமென்டைக் கை உளியால் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் பெருக்குங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். சுவர் சில மாதம் காயட்டும்.

காரைக்கு, நீற்றித் தண்ணீருக்குள் குறைந்தது மூன்று வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் நல்லது. கருப்பட்டி அதிகமானால் காரை இறுகவே நாளாகும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காக்கவும். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது மட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடி அதே அடைப்புதான்.