பிளாஸ்டிக், பூச்சிமருந்து, விந்தணு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு எடுத்த விந்துப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை குறைவு என்று வந்திருக்கிறது. நான் சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிக் கொடுத்ததுதான் காரணம் என்று வீட்டில் பேசுகிறார்கள். உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஒருவருடைய விந்தணுக் குறைவுக்கு இந்த டப்பாதான் காரணம் என்று சுட்டிக்காட்டக்கூடிய பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே உங்கள் மீது பழி சுமத்துவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அதிலும், இன்று கடைகளில் கிடைக்கும் சாப்பாட்டு டப்பாக்களில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீனால் ஆனவை; ஹார்மோன்களைக் குழப்புவதாக அதிகம் பேசப்படும் பிஸ்பினால் ஏ என்ற இரசாயனம் அந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கத் தேவைப்படுவதில்லை. அது பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கிலும், உணவு அடைத்த தகர டின்களின் உட்பூச்சிலும் இருப்பது. அதைப் போலவே பேசப்படும் இன்னொரு வகை இரசாயனங்களான பித்தலேட்டுகள், பிவிசி பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்கும் வாசனைப் பொருள்களிலும் சேர்க்கப்படுபவை.

இவ்விரண்டும் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாள்களில் சிறுநீரில் வெளியேறிவிடும். 2011இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, பிளாஸ்டிக்கும் டின்னும் படாத புதிய உணவை மூன்று நாள்கள் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் பிஸ்பினால் ஏ அளவு சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. நாளையே எவர்சில்வர் டப்பாவுக்கு மாறிவிடுங்கள்; மாறியதும் எண்ணிக்கை ஏறிவிடும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஏனென்றால், இந்த இரசாயனங்களைப் பற்றிய வலுவான சான்றுகள் வளர்ந்த ஆண்களைவிடக் கருவிலிருக்கும் ஆண் சிசுக்களைப் பற்றியவை. கர்ப்பத்தின் எட்டாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை சிசுவின் விந்தகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் ஆணுறுப்புகளின் வளர்ச்சிக்கு வழிகாட்டுகிறது. கருவுற்ற எலிகளுக்கு இதற்கு இணையான கட்டத்தில் சில பித்தலேட்டுகளை அதிக அளவில் கொடுத்தால் இச்சுரப்பு குறைந்து, ஆண் குட்டிகளுக்கு விந்தகம் கீழிறங்காமை, சிறுநீர்த் துளை இடம் மாறியிருத்தல், வளர்ந்த பின் விந்தணுக் குறைவு ஆகியவை ஏற்படுகின்றன. மனிதர்களில் சான்று இந்த அளவுக்குத் திட்டவட்டமானதல்ல. ஆயினும் 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பகாலச் சிறுநீரில் சில பித்தலேட்டுகளின் கழிவுகள் அதிகம் இருந்த தாய்மார்களின் மகன்களுக்கு, ஆண்மை வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தூரம் குறைவாக இருந்தது. (இதைப் படித்துவிட்டுப் பழியை மாமியார் பக்கம் திருப்பிவிட வேண்டாம்; எந்தப் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.)

இப்போது செய்ய வேண்டியது, பரிசோதனையை மீண்டும் எடுப்பது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆவதால், இரண்டு மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழ் அளவு. அதற்குக் கீழே இருந்தாலும் இயல்பாகத் தந்தையானவர்கள் உண்டு. சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டி, விதைப்பையில் இரத்தநாளங்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி காணப்படுவதும் சிகிச்சைக்கு உட்படுவதுமான காரணம் அது. புகைப்பழக்கம் இருந்தால் டப்பாவுக்கு முன்பு அதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: உலகெங்கும் ஆண்களின் விந்தணு பாதியாகிவிட்டது என்கிறார்களே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1973 முதல் 2018 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை, விந்தணு அடர்த்தி ஏறத்தாழ 51 சதவீதம் குறைந்திருப்பதாகக் கூறுகிறது. பழைய அளவீடுகளின் நம்பகத்தன்மையை ஐயுறும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். குறைந்திருந்தாலும், அதற்கு இரசாயனங்கள் எவ்வளவு, உடல் பருமனும் புகையும் எவ்வளவு காரணம் என்று அந்தத் தொகுப்பு பிரித்துச் சொல்லவில்லை.

கேள்வி: நான் பருத்திக்கு மருந்து அடிப்பவன். மனைவி மூன்று மாத கர்ப்பிணி. பூச்சிமருந்தால் பிள்ளைக்குப் பாதிப்பு வருமா? (வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: எல்லா மருந்தும் ஒன்றல்ல, ஆனால் உங்கள் அச்சம் வீணானதும் அல்ல. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தினர், தோட்டத்தை ஒட்டிய கிராமத்தில் 10 முதல் 19 வயது வரையிலான 117 சிறுவர்களையும், மருந்து படாத வேறு ஊரில் 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். இரத்தத்தில் எண்டோசல்பான் அதிகமாக இருந்த சிறுவர்களிடம் பருவமடைதல் பின்தங்கியிருந்தது; வயதுக்கு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும், விந்தகத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் உயர்ந்தும் இருந்தன. தூண்டுதல் இருந்தும் விந்தகம் போதிய அளவு பதில் தரவில்லை என்பதே இதன் பொருள். 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது.

உங்கள் மனைவி மருந்து கலக்கும் இடத்துக்கோ, தெளித்த வயலுக்கோ இப்போது வரவே கூடாது. தெளித்த உடையுடன் வீட்டுக்குள் நுழையாமல், வெளியிலேயே மாற்றிக் குளித்து, அந்த உடைகளை நீங்களே தனியாகத் துவையுங்கள். பொதுவாக அவற்றைத் துவைக்கும் வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது. காலி மருந்துப் புட்டிகளைத் தண்ணீர், எண்ணெய் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருந்தின் பெயர் அச்சிட்ட சீட்டைப் படம் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.