மூளையில் வளையக் கட்டி: பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: தம்பிக்கு வயது 32. முதல் தடவையாக வலிப்பு வந்தது. காரைக்குடியில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐயில் 12 மில்லிமீட்டர் வளையக் கட்டி (ஓரம் மட்டும் வளையம்போல ஒளிர்வது) என்று ரிப்போர்ட். "பெட் ஸ்கேன் எடுத்தால் கேன்சரா இல்லையா என்று தெரிந்துவிடும், மதுரையில் நானே ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எடுக்கலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெட் ஸ்கேனுக்கு வழக்கமாகப் போடுவது குளுக்கோஸ் போன்ற ஒரு கதிரியக்க மருந்து; குளுக்கோஸைத் தின்னும் இடம் படத்தில் ஒளிரும். மூளையோ எந்நேரமும் குளுக்கோஸைத் தின்னும் உறுப்பு. நல்ல மூளையே பளிச்சென்று தெரியும்போது 12 மில்லிமீட்டர் கட்டியை எங்கே பிரித்துப் பார்ப்பது? காசநோய்க் கட்டியும் புற்றுநோய் போலவே ஒளிரும். ஏற்பாடு செய்கிறவருக்குக் கமிஷன் கிடைக்கலாம், உங்களுக்கு விடை நிச்சயமில்லை.

நம் நாட்டில் இந்த வயதில் வலிப்போடு வரும் சின்ன ஒற்றை வளையம் பெரும்பாலும் பன்றி நாடாப்புழுக் கட்டி, இல்லாவிட்டால் காசநோய்க் கட்டி. "நாங்கள் பன்றிக்கறியே தொடுவதில்லையே" என்பீர்கள். புழு முட்டை சரியாகக் கழுவாத கீரையிலும் அசுத்தத் தண்ணீரிலும் வரும், சைவக்காரர்களுக்கும் வரும். 20 மில்லிமீட்டருக்குள், மெல்லிய சுவர், உள்ளே ஓரமாக ஒரு புள்ளி என்றால் அந்தப் புள்ளி புழுவின் தலை. சுவர் தடித்து அளவு 20ஐத் தாண்டினால் காசநோய்ச் சந்தேகம் கூடும். நடுவில் சீழ் இருந்தால் எம்ஆர்ஐயிலேயே எடுக்கும் 'டிஃப்யூஷன்' என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

அடுத்து ஸ்பெக்ட்ரோஸ்கோபி (கட்டியில் உள்ள வேதிப்பொருள்களை எம்ஆர்ஐ மூலம் அளப்பது) எடுக்கச் சொல்வார்கள். கோலின் என்பது புற்றுநோய்க் கட்டியில் கூடும் ஒரு வேதிப்பொருள். 'கோலின் கூடுதல்' என்ற வரியைப் பார்த்துவிட்டு வீட்டில் அழ ஆரம்பிக்காதீர்கள். காசநோய்க் கட்டியிலும் அது கூடும். அளக்கும் சதுரமே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்பதால், இவ்வளவு சின்னக் கட்டியில், அதுவும் எலும்பை ஒட்டி இருந்தால், பக்கத்துச் சதையும் சேர்ந்து கலங்கலாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார்: ஸ்டீராய்டு. லிம்ஃபோமா என்ற புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கையில் பயாப்ஸிக்கு (சதை எடுத்துச் சோதிப்பதற்கு) முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டால் கட்டி சுருங்கிவிடும், எடுத்த சதையிலும் நோய் பிடிபடாமல் போகலாம். "கரைந்துவிட்டதே, அப்போ கேன்சர் இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பிறகு திரும்பி வரும். மூளை வீங்கி நினைவு மங்கினால் கதை வேறு, அப்போது உயிர்தான் முதலில். மற்ற நேரத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 8 முதல் 12 வாரத்தில் மறுபடி எம்ஆர்ஐ கேட்பார். ஸ்கேனுக்கு எழுதும் சீட்டில் 'மூளை எம்ஆர்ஐ' என்று இரண்டே வார்த்தை கிறுக்கி அனுப்புவது இங்கே வழக்கம். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு வலிப்பு வந்ததே தெரியாது, நாலு நோயை வரிசையாக எழுதிவிட்டுக் கைகழுவுவார். வலிப்பு வந்த தேதி, சாப்பிடும் மாத்திரை எல்லாம் சீட்டில் இருக்கட்டும். ஃபிலிம் போதாது, முழுப் படமும் உள்ள டைகாம் சிடியைக் கேட்டு வாங்கி, அடுத்த ஸ்கேனுக்கும் கையோடு கொண்டுபோங்கள்.