கோல்ஃப் மைதானமே இல்லாத மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு கைபேசிச் செயலியால் புட்டிங்கைத் (பந்தைப் புல்லில் உருட்டிக் குழிக்குள் போடும் அடியை) திருத்த முடியுமா?

முடியும், ஆனால் பாதி வேலைக்குத்தான். எந்தப் பாதி என்று தெரியாமல் செயலியைத் தரவிறக்கினால் திரையில் மதிப்பெண் ஏறும், பந்து மட்டும் குழிக்குப் பக்கத்தால் போய்க்கொண்டே இருக்கும்.

கேட்டவர் கட்டாரில் வேலை செய்தபோது நண்பர்களோடு கோல்ஃப் பழகியவர். இப்போது கல்முனைக்குத் திரும்பிவிட்டார். கையில் ஒரு புட்டர் (புட்டிங் மட்டை), சில பந்துகள், ஒரு கைபேசி. பணம் கொடுத்து ஒரு செயலி வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி. நான் கல்லடியில் இருக்கிறேன். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல் பராமரிப்புப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தேன். விடியுமுன் கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையை, மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டுவது, குழியை இடம் மாற்றித் தோண்டுவது, உறுப்பினர்கள் வருமுன் பந்தை உருட்டிப் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. உருட்டிப் பார்ப்பதில் தொடங்கியதுதான் எனக்கு இந்தப் பழக்கம்.

வீட்டுக்குள் பழகுவது வீண் வேலையா என்று யாராவது கேட்டால் ஒரு கணக்குச் சொல்லுங்கள். பந்தை 72 முறை அடித்து முடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட ஒரு மைதானத்தில் 18 குழிகளுக்கும் தலா இரண்டு புட்டிங் என்று வைத்துத்தான் அந்த 72 வருகிறது. அதாவது 36, சரிபாதி. மற்றப் பாதிக்குத்தான் பரந்த மைதானம் வேண்டும்.

இனி, எதைத் திருத்த வேண்டும் என்பதைப் பார்ப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். மூன்று மீற்றர் தூரத்திலிருந்து அடிக்கும் பந்து ஒரே ஒரு பாகை விலகிப் புறப்பட்டால், குழியை அடையும்போது ஐந்து சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் மேலாக விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மூன்று மீற்றரில் உங்களுக்கு உள்ள சலுகை இரு பக்கமும் ஒரு பாகை. அந்தத் திசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பந்தைத் தொடும் கணத்தில் புட்டரின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், எங்கே பார்க்கிறது என்பதுதான். ஐந்தில் நான்கு பங்கு அதற்கே உரியது, புட்டர் வந்த பாதைக்கு மிச்சம். புதிதாகப் பழகுகிறவர்கள் பாதையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பாதை கண்ணுக்குத் தெரிகிறது, முகத்தின் ஒரு பாகை தெரிவதில்லை. செயலிக்கு இடம் இருக்கிறது என்றால் இங்கேதான்.

செயலிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைபேசியையே புட்டரின் தண்டில் கொளுவி, அதனுள் இருக்கும் சுழல் உணரியால் அளப்பது. கோல்ஃப் மட்டை செய்யும் பிங் நிறுவனம் 2011-இல் ஐபோனுக்கென்று வெளியிட்ட செயலி இந்த வகை. ஒரு பிடிப்பானில் கைபேசியை மாட்டி அடித்தால், தொடும்போது முகம் எவ்வளவு திறந்திருந்தது, வீச்சு நேராகப் போகிறதா வளைந்து போகிறதா, தாளம் எப்படி என்று காட்டும். அப்போதைய ஐபோன் 4-இன் எடை 137 கிராம். இன்றைய கைபேசிகள் பல 200 கிராமைத் தொடுகின்றன. புட்டரின் தலையே 350 கிராம் அளவுதான். தலையின் எடையில் பாதிக்கு மேல் தண்டில் கட்டித் தொங்கவிட்டு அடிப்பது வேறொரு புட்டரால் அடிப்பதற்குச் சமம். இதற்காகவே கைப்பிடியின் நுனியில் பொருத்தும் சிறிய உணரிகள் தனியாக வந்தன. கைபேசி சட்டைப்பையில் இருக்கும், உணரி அளந்து அனுப்பும். இரண்டாவது வகை, கைபேசியை ஓரிடத்தில் நிறுத்திக் காணொளி எடுத்துப் பார்ப்பது.

தண்டில் மாட்டும் வகையைப் பற்றி விளம்பரத்தில் சொல்லாத ஒன்றை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செயலிக்குக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் பந்துக்குப் பின்னால் புட்டரை வைத்து அசையாமல் நிற்கும் நிலையை அது பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு தொடும் கணத்தில் அந்தப் பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகினீர்கள் என்று சொல்கிறது. நிற்கும்போதே மூன்று பாகை வலப்பக்கம் பார்த்து நின்று, அதே மூன்று பாகையில் அடித்தால் திரையில் தெரிவது பூச்சியம், பாராட்டு, பச்சை நிறம். படிக்கல்லைத் தட்டில் வைத்தபின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்த தராசு மாதிரி.

என் அக்காவின் மகன் ஒருநாள் இப்படித்தான் விறாந்தையில் அடித்துவிட்டுத் திரையைக் காட்டினான்.

“மாமா, பாருங்கள், ஒரு பாகைகூட விலகவில்லை.”

“பந்து எங்கே மகன்?”

“அது கதிரைக்குக் கீழே போய்விட்டது.”

இரண்டும் உண்மை. அவனுடைய கை நன்றாகவே இருந்தது, கண்தான் வேறெங்கோ பார்த்து நின்றது. ஆகவே செயலி சொல்லும் எண்ணை ‘ஒரே மாதிரி அடிக்கிறேனா’ என்ற கேள்விக்கு மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘சரியான திசையில் அடிக்கிறேனா’ என்பதற்கு வேறொரு கருவி வேண்டும். அது எந்த மேசனிடமும் இருக்கிறது: நூல்.

தரையில் இரண்டு பக்கமும் கனமான எதையாவது வைத்து, பந்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கு நேர்கீழே தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. குனிந்து நிற்கும்போது நூல் கோட்டின்மேல் சரியாகப் படிந்து தெரிந்தால் உங்கள் கண் பந்துக்கு நேர்மேலே இருக்கிறது. கோடு நூலுக்கு ஒரு பக்கமாகத் தெரிந்தால் கண் விலகியிருக்கிறது. அதன்பிறகு புட்டரின் முகத்தை நூலுக்குச் செங்குத்தாக வைத்துவிட்டுச் செயலியின் பூச்சியத்தை எடுங்கள். இப்போது அந்தப் பூச்சியத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. பந்துக்கு ஒரு முழம் முன்னால், பந்தைவிடச் சற்றே அகலமான இடைவெளி விட்டு இரண்டு பற்றறிகளை நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது. பந்து தட்டிவிட்டால் நீங்களே கேட்பீர்கள், திரையைப் பார்க்கத் தேவையில்லை.

காணொளி வகைக்கு வருவோம். என் கணிப்பில் உங்களுக்கு இதுவே போதும், கைபேசியோடு வந்த கமராவே போதும். சாதாரணக் காணொளி வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். மூன்று மீற்றர் அடிக்குப் புட்டர் வினாடிக்கு ஒன்றரை மீற்றர் அளவில் போகிறது என்று வைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது ஐந்து சென்றிமீற்றர் நகர்ந்துவிடும். நமக்கு வேண்டிய கணம் அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். மெதுவியக்கத்தில் 240 படங்கள் எடுத்தால் இடைவெளி ஆறு மில்லிமீற்றர். அப்போதும் பந்தைத் தொடும் கணமே அகப்படாது, ஏனென்றால் தொடுகை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. ஆனால் தொடுவதற்குச் சற்று முந்திய படமும் பிந்திய படமும் கிடைக்கும், அவை போதும். வெளிச்சம் நிறைய வேண்டும். குழல் விளக்கின் கீழ் மெதுவியக்கம் எடுத்தால் படம் மினுங்கும், மங்கும். காலை வெயில் விழும் முற்றமோ விறாந்தையோ சிறந்தது. நண்பகல் வேண்டாம், கைபேசி சூடேறித் தானாகவே நின்றுவிடும்.

முகத்தின் ஒரு பாகை கண்ணுக்குத் தெரிவதில்லை என்றேன் அல்லவா? அதற்குத் தென்னை ஈர்க்கு உதவும். நேரான ஈர்க்கு ஒன்றை 30 சென்றிமீற்றர் அளவில் நறுக்கி, புட்டர் தலையின் மேற்புறத்தில், முகத்துக்குச் செங்குத்தாக, பின்பக்கம் நீளும்படி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். முகம் ஒரு பாகை திரும்பினால் ஈர்க்கின் நுனி ஐந்து மில்லிமீற்றர் நகரும். எடை ஒன்றுமில்லை, காசும் இல்லை. கமராவைப் பந்துக்குப் பின்னால், நூலின் நீட்சியில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். நூலிலிருந்து ஒரு சாண் விலகி வைத்தாலும் நேராக வரும் புட்டர் கோணலாக வருவதாகத் தெரியும். படத்தில் நூல் செங்குத்தாக, நடுவில் தெரிந்தால்தான் பதிவைத் தொடங்குங்கள். இன்னொன்று: பல கைபேசிக் கமராக்கள் படத்தை வரிவரியாக வாசிப்பதால் வேகமாக நகரும் தண்டு சற்றே வளைந்து தெரியலாம். தண்டை விட்டுவிட்டு ஈர்க்கையும் தலையையும் பாருங்கள்.

திசையைவிடச் செயலி உண்மையிலேயே கைகொடுப்பது தாளத்தில். பின்னால் கொண்டுபோகும் நேரம், அங்கிருந்து பந்து வரை வரும் நேரம், இந்த இரண்டும் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. 240 படக் காணொளியில் எண்ணிப் பாருங்கள்: பின்னே போக 150 படம், முன்னே வர 75 படம் என்றால் முறையே 0.6 வினாடி, 0.3 வினாடி அளவு. நல்லது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு மீற்றர் அடிக்கும் ஆறு மீற்றர் அடிக்கும் அந்த நேரம் பெரிதாக மாறக்கூடாது, வீச்சின் நீளம்தான் மாற வேண்டும். தூர அடிக்குப் பலரும் கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது, நமக்கு நாமே ஒத்துக்கொள்ளவும் மாட்டோம். எண் காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தைக் கட்டுப்படுத்துவதில் பாதிப் பிரச்சினை இந்த வெட்டுத்தான். தண்டில் மாட்டும் உணரியும் தாளத்தைச் சரியாகவே சொல்லும், அதற்குக் குழி தெரியவேண்டியதில்லை.

செயலிகள் உங்கள் வீச்சை நேர், சிறு வளைவு, பெரு வளைவு என்று வகைப்படுத்தி, இன்ன வகைப் புட்டர் உங்களுக்குப் பொருந்தும் என்றும் சொல்லும். புட்டர் விற்கிறவர்கள் செய்யும் செயலி அப்படித்தான் சொல்லும். எல்லா வளைவிலும் நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவை நிமிர்த்தப் போகாதீர்கள்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இழைத்த சீமெந்துத் தரை எந்தக் கிரீனையும்விட வேகமானது. பந்து நிற்கவே நிற்காது. பாயை விரித்துப் பழகலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வேண்டாம், பின்னல் பந்தை ஒரு பக்கம் தள்ளும். காத்தான்குடிக் கடைகளில் நீளமாக வெட்டித் தரும், மயிர் குட்டையான தரைவிரிப்பு ஒன்று வாங்குங்கள். அதன் வேகத்தை அளக்கவும் வழி உண்டு. கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீற்றர் என்ற மூன்று அடி அலுமினியச் சட்டம் பயன்படுகிறது. இதன் முதல் வடிவம் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935-இல் உருவாக்கியது. பந்தை அதன் குழிவில் வைத்து மெல்ல உயர்த்தினால், 20 பாகை அளவில் பந்து தானாக உருளும். தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே கிரீனின் வேகம். எதிர்த்திசையிலும் உருட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சாதாரணக் கழகங்களில் எட்டு முதல் பத்து, பெரிய போட்டிகளில் பன்னிரண்டுக்கும் மேல். அலுமினியக் கோணப்பட்டை ஒரு துண்டு இருந்தால் வீட்டில் செய்துகொள்ளலாம். விரிப்பில் பத்துக்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் பழகும் தூரங்கள் புல்லிலும் செல்லுபடியாகும். பதினைந்து வந்தால் தூரத்தைப் பழகாதீர்கள், திசையையும் தாளத்தையும் மட்டும் பழகுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் விரிப்பைத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள், கடற்கரைப் பக்க வீடு என்றால் மணல் எப்படியாவது வந்து குந்திவிடும்.

செயலி தொடவே முடியாதது சரிவும் புல்லின் சாய்வும். கிரீனில் புல் ஒரு திசையில் படிந்து வளரும். படிந்த பக்கம் பந்து ஓடும், எதிர்ப்பக்கம் நின்றுவிடும், குறுக்கே போனால் ஒதுங்கும். வெட்டுகிறவனுக்கு அது நிறத்தில் தெரியும்: வெளிறிப் பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களிடமிருந்து அப்பால் சாய்ந்திருக்கிறது, கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கி. இதை விரிப்பில் பழக முடியாது. நமக்கு அருகில் உள்ளது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் மைதானம். வாகரை, மூதூர், கிண்ணியா வழியாகக் கரையோர வீதியில் போகலாம். படை வளாகத்தோடு சேர்ந்த இடம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மற்றவை தூரம்: நுவரெலியா, திகன, கொழும்பு, அம்பாந்தோட்டை. அங்கே போகும்போது ஈர்க்கு, உணரி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆட்டத்தின்போது புட்டரில் இப்படிப்பட்டவற்றை ஒட்டி அடிக்க விதி இடந்தராது.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டு அடித் தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். விரிப்பில் பத்துக்குப் பத்து போட வேண்டும் என்று செயலி உங்களைத் துரத்தினால் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்.

ஆக, இப்போதைக்குச் செயலிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். நூல், ஈர்க்கு, மெதுவியக்கம். தாளம் நிலைத்து, பற்றறிகளுக்கு இடையில் பந்து பெரும்பாலும் போகத் தொடங்கிய பிறகும் எண்கள் வேண்டும் என்று தோன்றினால், கைப்பிடி நுனியில் மாட்டும் உணரியைப் பாருங்கள், கைபேசியைத் தண்டில் கட்டும் பிடிப்பானை அல்ல. உங்கள் கைபேசி எந்த மாடல் என்று கீழே எழுதினால், மெதுவியக்கத்தில் எத்தனை படம் எடுக்கும், கமராவை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று சொல்கிறேன்.