பல் விழுந்துச்சா?

அன்புள்ள அக்காவுக்கு,

நாலைந்து வருடங்களாக உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம்.

எங்கள் ஊர்ச் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ‘மிஷனரிகளின் குடும்ப வாழ்க்கை’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆச்சி, அம்மாவின் அம்மா, 1940-களில் ஒரு மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தவர்கள். துரை, துரைச்சாணி அம்மா, மூன்று பிள்ளைகள், பாப்பி என்று ஒரு நாய். கோடைக்கு எல்லாரும் கொடைக்கானல் போகும்போது ஆச்சியும் கூடப் போவார்கள். அங்கே எடுத்த போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைக்குட்டிப் பையனை ஒக்கலில் வைத்துக்கொண்டு ஆச்சி நிற்கிறார்கள். காலடியில் பாப்பி படுத்திருக்கிறது. அதை முகநூலில் போட்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், அடிமை வேலையைப் போய்ப் பெருமையாகப் போடுகிறாயே என்று கேட்டார். சங்கடப்பட்டு அழித்துவிட்டேன்.

அந்தக் குடும்பங்கள் இந்த வெயிலிலும் காய்ச்சலிலும் அன்றாடம் எப்படி வாழ்ந்தன? என்ன சாப்பிட்டார்கள்? நம் மக்களோடு உண்மையில் கலந்து பழகினார்களா? கட்டுரையை எங்கே தொடங்கலாம்? ஆச்சி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர்களுடைய தங்கை மட்டும் இருக்கிறார்கள். தொண்ணூறு தாண்டிவிட்டது.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் ஏழு நீலக் கடுதாசிகள் விரித்துக் கிடந்தன. அவை இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

முகநூல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உன் ஆச்சி வேலை பார்த்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. இதில் நீ சங்கடப்பட என்ன இருக்கிறது? போட்டோவைத் திரும்பப் போடு. அந்த ஆளுக்குப் பதில் எழுத வேண்டாம்.

என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டிருக்கிறாய். நம் ஊரில் கிடைத்ததை வைத்துத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ரொட்டி மாவு பொங்குவதற்குக் கள்ளை ஊற்றிப் பிசைவார்கள். எங்கள் பெரியம்மா இருந்த பங்களாவில் நார்த்தங்காயில் மார்மலேட் காய்ச்சுவார்களாம். எறும்புக்குப் பயந்து சாப்பாட்டு அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைப்பார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் போன காலத்தில் ஊருக்கு ஒரு கடிதம் போட்டால் பதில் கைக்கு வர ஒரு வருடம்போல ஆகும். காய்ச்சலும் பேதியும் அதுவரை காத்திருக்காது. 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் முதல் பத்து வருடத்துக்குள் தன் ஆட்களில் ஆறு பேரைப் பறிகொடுத்தது. 1845-ல் கொடைக்கானல் மலையில் அவர்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது அதனால்தான். உயிர் பிழைக்க ஏறிப்போன மலை அது. உன் ஆச்சி நிற்கும் போட்டோவின் பின்னணியில் அழகான மரங்கள் இருக்கும். அந்த ஊர் எதற்காக உண்டானது என்று ஒரு வரி எழுது.

கலந்து பழகினார்களா என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்ல்ஸ் மீட். திருவிதாங்கூருக்கு வரும் வழியிலேயே பினாங்கில் முதல் மனைவியைப் புதைத்தவர். இரண்டாவது மனைவி தஞ்சாவூர் மிஷனரி ஒருவரின் மகள். அவரும் இறந்தபிறகு, 1852-ல், உள்ளூர்த் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரோடு வேலை செய்த மிஷனரிகளாலேயே அதைத் தாங்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த லண்டன் மிஷனரி சங்கத்தைவிட்டு மீட் வெளியே வந்தார். ஒரே கோயிலில் முழங்கால் போடலாம், ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தக்கூடாது என்பதுதான் அன்றைய எல்லை. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய கடிதத்தில் துரையின் முழுப்பெயர் இருந்தது. அவர் மனைவியின் பெயர், அவர் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரோடு இருந்தது. மூன்று பிள்ளைகளின் பெயரும் வயது வரிசையில் இருந்தன. அவர்கள் வாரிசுகள் எங்காவது இருப்பார்கள் என்பதால் அவற்றையெல்லாம் நான்தான் எடுத்தேன். நாயின் பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். பாப்பி. இரண்டு முறை எழுதியிருக்கிறாய். உன்னைப் பெற்றவளைப் பெற்றவளின் பெயர் எங்கே? முதலிலிருந்து கடைசிவரை ஆச்சி, ஆச்சி, ஆச்சி. பங்களாக்காரர்கள் அவரை ஆயா என்று கூப்பிட்டார்கள். நீ ஆச்சி என்கிறாய். ஒன்று வேலையைச் சொல்லும் சொல், இன்னொன்று உறவைச் சொல்லும் சொல். ஒன்றும் அவர் பெயர் இல்லை.

உன்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மிஷனரிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எனக்குக் கிடைத்தவரை வாசித்திருக்கிறேன். குதிரைக்குப் பெயர் இருக்கும். வாழ்நாளெல்லாம் பிள்ளையைச் சுமந்தவள் பெரும்பாலும் ‘எங்கள் ஆயா’ என்று ஒரு வரியில் முடிந்துபோவாள்.

எலைசா கால்டுவெல்லை எடுத்துக்கொள். அவருடைய அப்பா அம்மா, மிஷனரிகளான சார்ல்ஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும், 1819 டிசம்பரில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். 1822-ல் அங்கேயே எலைசா பிறந்தார். மார்த்தா சும்மா இருந்தவர் இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணைமேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற ரேந்தை. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அதை விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். பெரிய காரியம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். தாய் பகலெல்லாம் பள்ளிக்கூடத்திலும் ரேந்தை வகுப்பிலும் இருந்தால், தொட்டில் பிள்ளை யார் கையில் இருந்திருக்கும்? எலைசாவுக்குத் தமிழ் பேச்சோடு பேச்சாக வந்த மொழி. அவர் 1844-ல் கல்யாணம் செய்துகொண்ட ராபர்ட் கால்டுவெல் 1838-ல் சென்னையில் இறங்கி, வளர்ந்த பிறகு தமிழ் படித்தவர். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் பெயர் நமக்கெல்லாம் தெரியும். எலைசாவின் பெயர் அவர்கள் வாழ்ந்த இடையன்குடிப் பக்கத்தில் தெரியும். இரண்டு பேருமே அந்த ஊர் மண்ணில்தான் இருக்கிறார்கள். எலைசாவின் காதில் முதல் தமிழ்ச் சொல்லைப் போட்டது ஒரு நாகர்கோவில் பெண்ணாக இருந்திருப்பாள். நிலாவைக் காட்டியிருப்பாள், சோறு ஊட்டியிருப்பாள், ‘ஆ காட்டு’ என்று சொல்லியிருப்பாள். அவள் யார்? எந்தக் கல்லறையிலும் எழுதவில்லை, எந்த மலரிலும் போடவில்லை. அவளுக்கு நடந்ததை உன் ஆச்சிக்கும் செய்யக் கிளம்பியிருக்கிறாய். அதுவும் பேத்தியாக இருந்துகொண்டு.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் குடும்பங்களின் பெரிய துக்கம் வெயிலோ பாம்போ இல்லை, பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவதுதான் என்று நினைக்கிறேன். ஆறு வயது, ஏழு வயது, பத்து வயது. படிப்புக்காக, உடம்புக்காக, ‘நம் ஊர்ப் பிள்ளையாக வளர வேண்டும்’ என்பதற்காக. யாழ்ப்பாணத்தில் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை 1824-ல் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ தன் மூத்த மகன் சார்ல்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832-ல் நியூயார்க்கில் அவன் இறந்துபோனான். பதினோரு வயது. அடுத்த ஜனவரியில் உடுவிலில் ஹாரியட்டும் போய்ச்சேர்ந்தார். அவர் கணவர் மிரன் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி 1862-ல் வந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேல் சொற்கள். அதை எப்போது புரட்டினாலும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். 1901-ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வந்தபிறகுதான் தாய்மார் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

தாய் அழுததைத் தாயின் கடிதம் சொல்கிறது. வளர்த்தவள் அழுதாளா என்று அதில் இருக்காது.

சரி, நீலக் கடுதாசிக்கு வருகிறேன். எங்கள் பெரியம்மா ஒரு மிஷன் பங்களாவில் ஆயா. 1960-களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் ஒரேயடியாக ஊர் திரும்பியது. பையனுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்து பெரியம்மா கையில் வளர்ந்தவன். கருப்பட்டி இல்லாமல் பால் குடிக்க மாட்டான், எங்களோடு மண்ணில் உருண்டு எங்கள் கெட்ட வார்த்தை எல்லாம் பேசுவான். போகும்போது பெரியம்மாவுக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் ஒரு மாதம் அதன் மூடியைத் திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பெரியம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஊரிலிருந்த ஒரு வாத்தியார் வாசித்துத் தமிழில் சொன்னார். பதில் எழுத என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஒன்பது வயது. திண்ணையில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். “ஏட்டி, எழுது. பல்லு விழுந்துச்சான்னு கேளு. முன்பல்லு ஆடிக்கிட்டு இருந்துச்சுல்லா. விழுந்தா கூரையில போட்டானான்னு கேளு. அங்க கூரை எப்படி இருக்கோ. ராத்திரி போர்வைய உதறிருவான், யாராவது எந்திரிச்சுப் போத்துறாங்களான்னு கேளு.” ஒரு பக்கம் முழுக்க இப்படியே. அதை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டியவர் அவர்தானே. நான் எழுதியதை ஒரு தடவை பார்த்துவிட்டு, இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுக்கு எழுதுகிற விஷயமா என்று கேட்டார். மூன்று வரி எழுதினார். நாங்கள் நலம், நீ நன்றாகப் படி, தேவன் உன்னை ஆசீர்வதிப்பாராக. கெட்ட மனிதர் இல்லை. மரியாதையான கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். வந்து பெரியம்மாவிடம், “நீங்க கேட்டது எதுவும் இதுல இல்ல” என்று சொன்னேன். “வாத்தியாருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரப் போகுது” என்று சொல்லி ஒட்டச் சொன்னாள்.

அந்தப் பையன் பல்லைப் பற்றிய கேள்விக்காகக் காத்திருந்தானோ என்னவோ. அவனுக்குப் போனது ஆசீர்வாதம்.

ஏழு வருடத்தில் ஏழு கடிதம், கிறிஸ்துமஸுக்கு ஒன்று. போன மாதம் பெரியம்மாவின் மகன் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் கிடைத்தது என்று கொண்டுவந்து தந்தான். முதல் கடிதத்தில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறான். ‘சாப்ட்டியா’, ‘கருப்பட்டி’, ‘எப்ப வருவ’. ஆயா அங்கே வந்துவிடுவாள் என்றே நினைத்திருக்கிறான். இரண்டாவதில் ‘கருப்பட்டி’ மட்டும். நாலாவதில் ‘ஆயா’ என்ற ஒரு சொல். ஏழாவதில் தமிழ் இல்லை. நல்ல கையெழுத்து, கால்பந்து, பள்ளிக்கூடம், பனி. எட்டாவது வரவில்லை.

ஏழு கடிதத்தையும் மேஜையில் பரப்பித் தமிழ்ச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

பெரியம்மாவின் பெயர் ஞானப்பழம். எழுதி வைக்கிறேன், இங்கேயாவது இருக்கட்டும்.

கட்டுரையை எங்கே தொடங்கலாம் என்று கேட்டாய். உன் ஆச்சியின் தங்கை வீட்டில் தொடங்கு. தொண்ணூறு தாண்டியவரை வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போ. வெற்றிலை போடுகிறவர் என்றால் வாங்கிக்கொண்டு போ. போட்டோவைக் கையில் கொடு. சம்பளம் எவ்வளவு, யார் வாங்கிவந்தது, பங்களாவில் எந்த வாசல் வழியாக உள்ளே போவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று கேள். ஆச்சி கொடைக்கானலில் கிடந்த அந்த மாதங்களில் உன் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள். அதை நீ இதுவரை யோசித்ததே இல்லை, இல்லையா? மலையில் ஒரு பிள்ளை ஒக்கலில் இருந்தபோது ஊரில் இன்னொரு பிள்ளை யார் இடுப்பில் இருந்தது? அந்தக் குடும்பம் போன அன்றைக்கு ஆச்சி என்ன செய்தார்கள் என்றும் கேள். அவர் அழுதால் நீ பேசாமல் இரு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைக் கேள். ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், இரண்டையும். ஞாயிறு ராத்திரியே எனக்கு அனுப்பு. மேலே உன் கடிதத்தில் நாயின் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா