அதிரும் நிறங்கள், நிரம்பும் எழுத்துகள்: ஆல்பம் அட்டை பற்றிய கேள்வி பதில்

1966, 67ஆம் ஆண்டுகளில் சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர், அவலான் இசை அரங்குகளுக்காக வரையப்பட்ட சைக்கடெலிக் (போதைக்காட்சிபோல் நெளிந்து அதிரும்) சுவரொட்டிகளின் பாணியில் இசை ஆல்பம் அட்டை வடிவமைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: அக்கா, வானவில் நிறங்கள் அத்தனையும் போட்டுவிட்டேன். ஆனாலும் அந்தச் சுவரொட்டிகளின் அதிர்வு வரவில்லையே?

பதில்: நிறங்கள் கூடிப்போனதுதான் காரணம். அந்தச் சுவரொட்டிகளை வரைந்தவர்களில் ஒருவரான விக்டர் மோஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸிடம் பயின்றவர். கண் கூசும் என்று எந்தச் சேர்க்கைகளைத் தவிர்க்கக் கற்றாரோ, அவற்றையே தேடிப் பிடித்தார். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என எதிர் நிறங்களை எடுங்கள். இரண்டுக்கும் வெளிச்சம் ஒரே அளவு இருக்க வேண்டும், உயிர்நாடி இதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகக் கரைந்தால், வண்ணத்தில் அந்த எல்லை துடிக்கும். நடுவே கறுப்புக் கோடு இழுக்காதீர்கள், துடிப்பு அடங்கிவிடும்.

கேள்வி: நெளியும் எழுத்துருக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. போதாதா?

பதில்: போதாது. அந்தச் சுவரொட்டிகளை வரைந்த இன்னொருவரான வெஸ் வில்சனின் எழுத்துகளுக்குத் தாய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஓவியர் ஆல்ஃப்ரெட் ரோலர் வரைந்த எழுத்துகள். முதலில் சுடரோ முகமோ, ஒரு வெளிவடிவம். பிறகு குடத்தில் தண்ணீர் நிரம்புவதுபோல் எழுத்துகள் அதற்குள் நிரம்பும்; ஒவ்வொன்றும் பக்கத்து எழுத்துக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும். எழுத்துருவால் இது ஆகாது. கையால் வரையுங்கள். இடைவெளிகள் எங்கும் ஒரே அகலத்தில், மெல்லிய கீற்றாக ஓடட்டும்.

கேள்வி: தமிழில் எழுதலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வேலை கூடும். வில்சனின் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அடிப்படையில் ஒரே உயரம். நமக்கோ ‘கி’யின் மேல்வளைவு மேலே ஏறும், ‘ழ’வின் கால் கீழே இறங்கும். மேல்வரியின் காலைக் கீழ்வரியின் பள்ளத்தில் இறக்கிப் பாருங்கள், பூட்டுப்போல் பொருந்தும். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

கேள்வி: அந்தக் காலச் சுவரொட்டியின் எலும்புக்கூட்டையும் ரோஜாக்களையும் அப்படியே எடுக்கலாமா? அவர்களும் எடுத்தவர்கள்தானே?

பதில்: வேண்டாம். சுவரொட்டி ஓவியர்கள் ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் அதை எட்மண்ட் சல்லிவன் உமர் கய்யாமின் ருபாயத் கவிதை நூலுக்கு வரைந்த ஓவியத்திலிருந்து எடுத்து, 1966இல் கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழுவின் அவலான் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். பழைய நூல்களைப் புரட்டித் தேடிய அவர்களுடைய உழைப்பைப் பின்பற்றுங்கள், விளைவை அல்ல. உங்கள் பாடல்களுக்கு உறவான ஒரு பழம்படம், பதிப்புரிமைக் காலம் முடிந்தது, எங்கோ நிச்சயம் காத்திருக்கிறது.

கேள்வி: திரையில் எரியும் ஆரஞ்சு அச்சில் மங்குகிறது.

பதில்: வழக்கமான நான்கு மைகளின் கலவை அந்த ஒளிர்வை எட்டாது. ஆரஞ்சுக்குத் தனி மை கேளுங்கள். செலவு கூடும், அட்டையில் வேறெதையாவது குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

கேள்வி: கைபேசியின் சிறு கட்டத்தில் பெயரே படிக்க முடியவில்லை, அக்கா. எழுத்தை எளிமையாக்கிவிடவா?

பதில்: ஆக்காதீர்கள். பாட்டு கேட்கும் செயலிகள் பெயரைப் படத்தின் கீழே தெளிவாகக் காட்டிவிடுகின்றன. சிறு கட்டத்துக்கு ஒரே பெரிய வடிவமும் இரண்டு துடிக்கும் நிறங்களும் போதும். எழுத்துகள், 31 சென்டிமீட்டர் இசைத்தட்டு உறையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பவருக்கு.