மார்க்கத்தில் நிர்ப்பந்தம் உண்டா? – கேள்வி பதில்

கடலூர் முதுநகர்: ஹஸ்ரத், 'மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை' என்ற குர்ஆன் வசனம் (2:256, அதாவது 2ஆம் அத்தியாயம், 256ஆம் வசனம்) யாருக்காக இறங்கியது?

இஸ்லாத்துக்கு முன் மதீனாவில், பிள்ளை தங்காத பெண்கள் "இது பிழைத்தால் யூதனாக வளர்க்கிறேன்" என்று நேர்ந்துகொள்வார்கள். பனூ நளீர் என்ற யூதக் கூட்டத்தார் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அப்படி வளர்ந்த அன்சாரி (மதீனா முஸ்லிம்) பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். "எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்" என்றார்கள் வீட்டார். அப்போது இறங்கியதே இவ்வசனம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதை ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பாளர் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். பெற்றவர்களுக்கே இல்லாத உரிமை மற்றவர்களுக்கு எங்கிருந்து வரும்?

நெல்லிக்குப்பம்: 'கண்ட இடத்தில் கொல்லுங்கள்' என்று 9:5 சொல்கிறதே?

ஐந்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். 4ஆம் வசனம், ஒப்பந்தத்தை மீறாதவர்களுக்குத் தவணை முடியும்வரை வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறது. 6, இணைவைப்பவர் (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்குபவர்) அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவசனத்தைக் கேட்கவிட்டு, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடச் சொல்கிறது. 13, சத்தியத்தை முறித்துச் சண்டையைத் தொடங்கியவர்கள் யார் என்று காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் எந்த வசனம் வந்தாலும் முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள். பிறகு இறங்கிய காரணம், அதன்பின் இரண்டு தஃப்சீராவது (குர்ஆன் விரிவுரை).

லால்பேட்டை: 9:5 வந்ததும் 2:256 மன்சூக் (சட்டம் நீக்கப்பட்டது) ஆகிவிட்டது என்று தஃப்சீரிலேயே இருக்கிறதே ஹஸ்ரத்?

அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பழைய விரிவுரையாளர் தபரீ அதை ஏற்கவில்லை. வேதக்காரர்கள் (யூதர், கிறித்தவர்), மஜூசிகள் (நெருப்பை வணங்குவோர்) விஷயத்தில் இவ்வசனம் நிற்கிறது, அரபு இணைவைப்போர், மதம் மாறியவர் போன்றோர் விலக்கு என்பது அவர் முடிவு. மாற்றப்பட்ட வசனங்கள் இருபது அளவில்தான் என்றார் அறிஞர் சுயூத்தி. டெல்லி அறிஞர் ஷாஹ் வலியுல்லாஹ் அதையும் ஐந்தாகக் குறைத்தார். அந்த ஐந்தில் 2:256 இல்லை. இன்னொன்று, வசனமே காரணத்தையும் சொல்கிறது: நேர்வழி வழிகேட்டிலிருந்து தெளிவாகிவிட்டது. காரணம் அப்படியே இருக்க, சட்டம் மட்டும் எப்படிப் போகும்?

மீண்டும் லால்பேட்டை: மதம் மாறியவரைக் கொல்லச் சொல்லி புகாரி தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறதே?

இருக்கிறது. மத்ஹபு (சட்டப் பள்ளி) இமாம்கள் மரண தண்டனை என்றே எழுதினார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் பெண்ணைக் கொல்லக் கூடாது என்றது ஹனஃபி மத்ஹபு. வெறும் மதமாற்றமே காரணமென்றால் ஆண், பெண் வித்தியாசம் எதற்கு? சண்டைக்கு வருவதே ஹனஃபிகள் கண்ட காரணம். 4:137 ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டு, மறுத்து, மீண்டும் ஈமான் கொண்டு, மீண்டும் மறுத்தவர்களைப் பேசுகிறது. அங்கே உலகத் தண்டனை எதுவும் இல்லை. வெறும் நிராகரிப்புக்காக உயிரைப் பறிக்க முடியாது என்பது எகிப்தின் அஸ்ஹர் கல்வி நிலையத் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத்தின் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

காரைக்கால்: 9:5 பற்றி விளக்கவும்.

நெல்லிக்குப்பத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி: ஐயா, எங்கள் கோயில்களைப் பற்றி உங்கள் வேதம் என்ன சொல்கிறது?

இடிக்கப்படாமல் காக்கப்பட வேண்டியவையாக 22:40 மடங்கள், கிறித்தவ ஆலயங்கள், யூதர் ஆலயங்கள், பள்ளிவாசல்களைச் சொல்கிறது. கோயில் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் அல்லாஹ்வையன்றி மற்றவர்கள் அழைப்பவற்றைத் திட்டக் கூடாது என்பது 6:108. மேடையில் பேசும் எங்கள் ஆட்களுக்கும் இதை ஞாபகப்படுத்துகிறேன்.

பரங்கிப்பேட்டை: 9:5...

இனி ஐந்தாம் வசனக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆறாவதைக் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம்: மதம் மாறிய மகனுக்குச் சொத்தில் பங்கு?

வக்கீலைப் பாருங்கள்.

புவனகிரி: மருமகள் இந்துவாகப் பிறந்தவள். தாய்வீட்டுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. இணைவைப்பவராக இருந்த தாய் வந்தபோது நபித்தோழி அஸ்மா (ரலி) இதே போன்ற கேள்வியைத்தான் கேட்டார்கள். "உன் தாயோடு உறவாடு" என்றார்கள் நபியவர்கள். புகாரியில் இருக்கிறது. கூடவே 60:8ஐயும் வாசியுங்கள்.