அந்த ரேடியோ யாருடையது?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாணவர்களுடையவை, எல்லாமே படம் பற்றியவை. புகைப்படம், ஓவியம், காலண்டர் என்று ஆளுக்கொன்று. சரி, இந்த இதழை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். ஜோசியக் கேள்வி அனுப்பியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அது என் இலாகாவும் இல்லை.

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வட்டாரத்துக் குடும்பப் புகைப்படங்கள்தான் தலைப்பு. 1940 முதல் 1980 வரை 140 படங்கள் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கைடிடம் கொடுத்தேன். "இது வர்ணனை, ஆய்வு எங்கே?" என்று திருப்பித் தந்துவிட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– மாணவி, உசிலம்பட்டி

இதே வார்த்தையை 1979இல் என் கைடும் சொன்னார். சொன்னதோடு விடாமல் நோட்டை மேஜையில் தூக்கிப் போட்டார். உங்களவர் கையில் கொடுத்தாரே, அதுவரை நல்லது.

என் அப்பா மதுரை மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊரில் நான்கு வீடுகளில் கேட்டு வாங்கிய படங்களை வைத்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம்: நாற்காலியில் கணவன், பக்கத்தில் நிற்கும் மனைவி, இருவருக்கும் நடுவே உயரமான ஸ்டூலில் ஒரு ரேடியோ. மனைவியின் வலது கை ரேடியோவின் மேல். 'நடுத்தரக் குடும்பத்துக்குள் நவீனம் நுழைந்தது' என்று நாலு பக்கம் எழுதினேன். ரேடியோ விலை, லைசென்ஸ் கட்டணம் எல்லாம் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தேன். அப்பா ஒருநாள் அதை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இது நம்ம கடை ரேடியோல்ல? உள்ளே ஒண்ணுமே கிடையாது. பல்லிதான் முட்டை போட்டு வச்சிருந்துச்சு" என்றார்.

பரணில் இருந்த நெகட்டிவ் பெட்டிகளை இறக்கிப் பார்த்தால் அதே ரேடியோ பதினேழு குடும்பங்களில் இருந்தது. ஒரு குமிழ் உடைந்திருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. நாலு பக்கமும் போயிற்று. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. கடையில் ரேடியோ மட்டுமா இருந்தது? பிளாஸ்டிக் பூச்சாடி, தடித்த இங்கிலீஷ் புத்தகம், செல்லுலாய்டு பொம்மை, கைத்தடி எல்லாம் இருந்தன. எதை யார் எடுத்தார்கள்? ரேடியோவைக் கேட்டவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் வந்தவர்கள். வயதானவர்கள் எதையுமே தொடவில்லை, கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பையன்கள் புத்தகத்தை எடுத்தார்கள், கூடவே அப்பாவின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆக, அந்த ரேடியோ அவர்கள் வீட்டில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. எதோடு தங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் என்பதற்குச் சாட்சி. 'படத்தில் ரேடியோ இருக்கிறது' என்பது வர்ணனை. 'பதினேழு படத்தில் ஒரே ரேடியோ இருக்கிறது, ஏன் இந்தப் பதினேழு பேர் மட்டும்?' என்று கேட்டால் ஆய்வு ஆரம்பிக்கிறது.

அதனால் உங்கள் 140 படங்களையும் தரையில் பரப்புங்கள். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒரே பின்திரை, ஒரே நாற்காலி உள்ளவற்றை ஒன்றாகச் சேருங்கள். எத்தனை ஸ்டூடியோ என்பது தெரிந்துவிடும். படத்தின் பின்பக்கத்தில் கடை முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு படத்தை மட்டும் எடுத்து அரைமணி நேரம் உட்காருங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'ஏழை', 'சந்தோஷமான', 'அடக்கமான' எதுவும் வரக்கூடாது. யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் காலில் செருப்பு, கடிகாரம் தெரிய வேண்டும் என்று யார் சட்டைக் கையை ஏற்றிவிட்டிருக்கிறார் என்று எழுதுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதற்குப் பிறகு கண்ணில் படுவதுதான் உங்களுடையது.

எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1939இல் படம் பார்ப்பதை மூன்று படியாகப் பிரித்தார். நம்மூர் உதாரணமே சொல்கிறேன். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துத் தூணில் இருக்கும் மீனாட்சி கல்யாணச் சிற்பத்துக்கு வாருங்கள். முதல் படியில் மூன்று உருவங்கள், ஒரு பெண், அவள் கையைப் பிடித்த ஒருவர், நீர் வார்க்கும் இன்னொருவர், அவ்வளவுதான். கதை தெரியாத ஒருவருக்கு இதற்கு மேல் தெரியாது. இரண்டாம் படிக்குக் கதை வேண்டும்: திருமால் தங்கையைச் சொக்கருக்குத் தாரை வார்க்கிறார். மூன்றாம் படி, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் இந்தக் கல்யாணத்துக்கு ஏன் இந்த இடம் என்பது. சைவமும் வைணவமும் சம்பந்தியாவதில் அந்த அரசுக்கு என்ன லாபம்? மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே சித்திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று ஊரில் சொல்வார்களே, அதையும் பக்கத்தில் வைத்து யோசிக்கலாம். நம்மில் பலர் முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாம் படிக்குத் தாவுகிறோம். ரேடியோவில் நான் செய்தது அதுதான்.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஆர்த்தோ என்ற கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அப்பாவால் பிலிம் கழுவ முடிந்தது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், குங்குமம் மைப் பொட்டு மாதிரி இருக்கும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். வெள்ளைப் புடவை என்பதால் ஒரு பெண்ணை விதவை என்று எழுதிய ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன். அந்த அம்மாவின் கணவர் அடுத்த பக்கத்துப் படத்தில் பேரனோடு இருக்கிறார், தேதி நாலு வருடம் பிந்தியது.

முகமும் அப்படித்தான். அப்பா ராத்திரி எட்டு மணிக்கு மேல் 'டச்சிங்' பண்ண உட்காருவார். ஊசி மாதிரி சீவிய பென்சில், பூதக்கண்ணாடி, சாய்ந்த பலகையில் நெகட்டிவ். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் அந்தப் பென்சிலில் போய்விடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் படம் என்றால் கூடுதலாக அரைமணி நேரம். படத்தில் இருப்பவரின் தோல் நிறத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அந்தப் பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலை டேனியல் வரைந்த படங்களைக் கட்டடக்கலை ஆதாரமாகக் காட்டலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

ஆதாரம்தான் தம்பி. எதற்கு ஆதாரம் என்பதில்தான் சிக்கல்.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்தது 1792இல். கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டி உதவியோடு இடத்திலேயே வரைந்தார்கள், அதனால் தூண், வளைவு எல்லாம் ஓரளவு கணக்காக இருக்கும். ஆனால் நீங்கள் பார்க்கும் அச்சுப் படம் அவர்கள் லண்டன் திரும்பிய பிறகு செப்புத் தகட்டில் செய்தது. தொகுதிகள் 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. வாங்கியவர்கள் இங்கிலாந்துப் பணக்காரர்கள். அவர்களுக்கு இடிந்த சுவரும் அதில் முளைத்த செடியும் கீழே குட்டி மனிதர்களும் பிடிக்கும். அந்தச் செடி மகாலில் முளைத்ததா, லண்டனில் முளைத்ததா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

பக்கத்தில் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த புகைப்படங்களை வையுங்கள். சென்னை அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த ராணுவக் கேப்டன். 1858இல் மதுரையை எடுத்தார். புகைப்படம் பொய் சொல்லாது என்று உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நீண்ட நேரம் விழ வேண்டும். நடந்து போனவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். 'அன்று மதுரை வெறிச்சோடிக் கிடந்தது' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். வெறிச்சோடியது ஊர் அல்ல, நெகட்டிவ். அதோடு ட்ரைப் வானத்தில் மேகத்தையும் கையால் தீட்டிச் சேர்ப்பார். எங்கள் அப்பாவுக்கு ஒருவகையில் சொந்தக்காரர்.

இன்னொன்று, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில் மகால் பழுது பார்க்கப்பட்டது. இன்று நீங்கள் ஒலி-ஒளிக் காட்சி பார்க்கும் மண்டபமும் டேனியல் பார்த்ததும் அப்படியே ஒன்றல்ல. டேனியல், ட்ரைப், இன்றைய மகால் மூன்றும் ஒத்துப்போகிற இடத்தில் தைரியமாக எழுதலாம். ஒத்துப்போகாத இடத்தில் தாராளமாக ஒரு அத்தியாயமே எழுதலாம்.

ஒருநாள் காலையில் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மகாலுக்குப் போங்கள். எங்கே நின்று வரைந்திருப்பார்கள் என்று தேடுங்கள். நிற்க இடமே கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். காவலாளி இரண்டு முறை வந்து என்ன என்று கேட்பார். படத்தைக் காட்டினால் அவரும் தேட ஆரம்பித்துவிடுவார். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

தேதி இல்லாத பழைய மதுரைப் படங்களுக்குக் காலம் கணிப்பது எப்படி?
– மாணவர், மேலூர்

படத்தில் இருக்கும் பொருள் 'இதற்குப் பிறகு எடுத்தது' என்று உறுதியாகச் சொல்லும். இல்லாத பொருள் அந்த அளவுக்குச் சொல்லாது. வைகையில் ஏ.வி. பாலம் (ஆல்பர்ட் விக்டர் பாலம்) தெரிந்தால் படம் 1880களின் கடைசிக்கு முன்னால் போகாது, பாலம் திறந்தது 1889இல். பாலம் தெரியவில்லை என்றால்? பழைய படமாக இருக்கலாம், கேமரா வேறு பக்கம் திரும்பியும் இருக்கலாம். ரயில் மதுரைக்கு வந்தது 1875இல். தண்டவாளத்துக்கும் அதே கணக்குதான்.

ஆடையும் உதவும். ஒருவர் என்னிடம் '1919இல் மதுரைக்கு வந்த காந்தி' என்று ஒரு படம் காட்டினார். காந்தி 1919இல் வந்தது உண்மைதான். ஆனால் படத்தில் இருந்தவர் முழங்காலுக்கு மேல் துண்டு கட்டிச் சட்டையில்லாமல் இருந்தார். அந்த உடைக்கு அவர் மாறியதே நம் மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி. மதுரைக்காரர்கள் இதைக்கூடத் தவறவிட்டால் எப்படி?

பழைய சாமி காலண்டர்கள் சேகரிக்கிறேன். கையில் கிளி இருந்தால் மீனாட்சி என்று வகைப்படுத்தலாம்தானே?
– மாணவி, திருமங்கலம்

திருமங்கலத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் கையிலும் கிளி! ஆண்டாளுக்கு இடது கையில், இலைகளால் தினமும் புதிதாகக் கட்டுவது. மீனாட்சிக்கு வலது கைப் பூச்செண்டில். சாய்ந்த கொண்டையையும் மாலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே அடையாளத்தை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். அச்சகத்தில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவதும் உண்டு. படத்தில் இருக்கும் எழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னை போக முடிந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தவறவிடாதீர்கள். நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் மாதிரி மற்றவர்கள் தூக்கிப் போடுவதை வைத்திருக்கும் இடம்.

ஏஐயிடம் படத்தைக் கொடுத்தால் நொடியில் விளக்கம் தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?
– பெயர் வேண்டாம் என்ற மாணவர்

பேரனிடம் சொல்லி அந்த ரேடியோ படத்தை ஏற்றிப் பார்த்தேன். 'தங்கள் வானொலியுடன் பெருமிதமாக நிற்கும் தம்பதி' என்று வந்தது. கணவன் உட்கார்ந்திருக்கிறான், அதை விடுங்கள். 'தங்கள்' என்ற சொல்லைப் பாருங்கள். 1979இல் நான் நாலு பக்கத்தில் செய்த தப்பை அது ஒரே வரியில் செய்துவிட்டது.

வீடுகளில் இருக்கும் படங்களை அலைபேசியில் எடுத்தால் போதுமா? ஆய்வேட்டில் போட அனுமதி வேண்டுமா?
– மாணவி, சோழவந்தான்

அலைபேசி போதும், ஆனால் ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கறையையும் கிழிசலையும் ஆப்பில் சுத்தம் செய்யாதீர்கள். ஃபிரேமை விட்டு எடுக்கச் சம்மதித்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். முன்பக்கத்தைவிட அங்கேதான் சேதி அதிகம். எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது என்பதற்கு ஒரு படம் தனியாக.

அனுமதி கண்டிப்பாக வேண்டும், எழுத்தில். வீட்டில் ஒருவர் சரி என்றால் எல்லோரும் சரி என்று அர்த்தமில்லை. சோழவந்தான் பக்கத்திலேயே ஒரு வீட்டில் மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது அவருடைய அம்மா பின்னாலேயே வந்து, "அந்த மூணாவது படம் மட்டும் வேண்டாம் தாயி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் ஆய்வேட்டில் அந்தப் படம் இல்லை.